மனைவியின் கழுத்து

எல்லாரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுகிற அந்த சலூன்காரருக்கு வந்தது லேசுப்பட்ட வயிற்றெரிச்சல் இல்லை. எதிர்வரிசையில் ஒருவன் புதுக்கடை திறந்து, ஏசி மாட்டி, சுழலும் நாற்காலி போட்டு, வாடிக்கையில் பாதியை இழுத்துக்கொண்டபோதுகூட அவர் இப்படிப் புழுங்கியதில்லை. "போறவன் போகட்டும், கழுத்துக்கு எங்கிட்டதான் வரணும்" என்று மீசையை நீவிக்கொண்டார். அதுவும் அப்படியேதான் நடந்தது. அங்கே முடி வெட்டிக்கொண்டு, பிடரியில் பவுடர் வாசனையோடு இங்கே வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

அவருடைய வித்தை அது. வேலையெல்லாம் முடிந்தபின் தலையைக் கொஞ்ச நேரம் பிசைந்துவிடுவார். பிறகு ஒரு கையைத் தாடையிலும் ஒரு கையை உச்சந்தலையிலும் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். "பையன் பரீட்சை எழுதிட்டானா?" என்பார். ஆள் பதில் சொல்ல வாயைத் திறக்கிற நேரம் பார்த்து வெடுக்கென்று ஒரு திருப்பு. டக்கென்று நெட்டி முறியும். அதே மாதிரி மறுபக்கம் ஒன்று. நாற்காலியில் இருப்பவர் "அப்பாடா" என்று எழுந்து, ஏதோ புதுத்தலை வாங்கி மாட்டிக்கொண்டதைப் போலக் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இதற்கென்று மாஸ்டர் தனியாக எதுவும் கேட்பதில்லை. முடிவெட்டு தொழில், நெட்டி தன் அன்பு என்பது அவர் எண்ணம்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி, கழுத்துக்கு வைத்தியம் பார்க்க இன்னொருவனிடம் போனாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். பேன்ட்டின் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது என்று நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் வேலை. சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், "கழுத்து பிடிச்சுக்கிட்ட மாதிரி இருக்குங்க" என்றாள். மாஸ்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். ஊருக்கெல்லாம் பார்க்கிறவர் வீட்டுக்குப் பார்க்க மாட்டாரா? அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் திருத்தமாக ஒரு நெட்டி எடுத்துவிட்டார். "அம்மா!" என்று கத்திவிட்டாள். "விட்டுது பாரு!" என்று சிரித்தார். அன்றைக்கப்புறம் அவள் வாயிலிருந்து கழுத்துவலி என்ற வார்த்தையே வரவில்லை. இதை அவர் கடையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பின்னால் வந்தது கைவலி. வலது தோள்பட்டையிலிருந்து முழங்கை வரைக்கும் சுரீர் சுரீர் என்று இழுக்கிறது என்றாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய் ஊசி பிடிபடாமல் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"கழுத்து எலும்புக்கு நடுவுல நரம்பு நசுங்கியிருக்காம். ஆபரேஷன் வேண்டாமாம். பிசியோதெரபி பண்ணா சரியாயிடுமாம்."

"கைவலின்னு போனா கழுத்தைக் காட்டறானா? நல்ல டாக்டர்! கழுத்தைத்தான் நான் அன்னைக்கே சரி பண்ணிட்டேனே!"

அவள் ஏற்கெனவே மடித்த துணியை எடுத்து மறுபடியும் மடித்தாள்.

"சரி, எதுக்கு வெளிய போய்க்கிட்டு? உக்காரு, நான் பாக்கறேன்" என்று அவர் கையை நீட்டினார். அவள் சட்டென்று எழுந்து, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்றைக்குப் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் அவளுக்கு எண்ணெய் வாசனை ஆகாது. வெறுங்கையோடு வந்தால் அவர் கை சுடுகிறது என்பாள். படுக்கையில் தெரியாமல் அவர் கை அவள் பிடரியில் பட்டாலும் தூக்கிவாரிப் போட்டதுபோல நகர்ந்துகொள்வாள். ஆனால் பிசியோதெரபி பார்க்கிற பையனின் 'தெரபி தம்பி' என்ற பெயரை மட்டும் நாளுக்கு நூறு தடவை சொல்வாள். தம்பி சொன்னார் என்று தலையணையை மாற்றினாள். தம்பி சொன்னார் என்று தையல் மெஷினுக்கடியில் பலகை கொடுத்து உயர்த்தினாள். மெஷினை உயர்த்து என்று மாஸ்டர் வாய் வலிக்கச் சொன்னபோது காதில் வாங்காதவள் அவள்.

"என்ன தம்பி? சொந்தத் தம்பி போன் பண்ணா எடுக்க உனக்கு நேரமில்ல. இது எந்த வயித்துல பொறந்த தம்பி?"

"சின்னப் பையனைத் தம்பின்னு கூப்பிடாம தாத்தான்னா கூப்பிடுவாங்க?" என்றாள் அவள்.

ஒருநாள் சாப்பிட வந்தவர், அவள் கண்ணாடி முன் நின்று தாடையை உள்ளே இழுப்பதும் விடுவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டார். கழுத்தை நிமிர்த்தி, தன் முகத்தைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணாடி முன் அவ்வளவு நேரம் நின்று அவர் பார்த்ததில்லை.

"யாருக்கு இந்த அலங்காரம்?"

"அலங்காரமா? தாடையை உள்ள இழுத்துப் பிடிச்சு விடணும். எக்சர்சைஸ்."

"ஓ, அதையும் அவன்தான் சொன்னானா?"

இன்னொரு நாள் வலது கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். "குடும்பமே முழுகிப்போன மாதிரி எதுக்கு தலையில கைய வச்சு உக்காந்திருக்க?" என்று எரிந்து விழுந்தார். "இப்படி வச்சா கைவலி தெரியலைங்க" என்றாள். அவர் நம்பவில்லை. வலிக்கிற கையைத் தூக்கித் தலையில் வைத்தால் வலி எப்படிக் குறையும்? என் காதில் பூ சுற்றுகிறாள் என்று நினைத்தார். தன்னைக் கட்டிக்கொண்டதை நினைத்துத்தான் தலையில் கைவைத்திருக்கிறாள் என்று முடிவுகட்டினார். பொறாமைக்காரனுக்குக் கணக்கு எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வரும்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது பஸ் கண்டக்டர். மாஸ்டரின் பழைய வாடிக்கை. நாற்காலியில் உட்கார்ந்து, துணியைப் போர்த்தியதும் ஆரம்பித்தார்.

"மாஸ்டர், உங்க வீட்டம்மாவ நேத்து பாத்தேன். மெடிக்கல் ஷாப் மாடிப்படி இருக்குல்ல, அங்க. ஒரு பையனோட சிரிச்சுப் பேசிட்டு நின்னாங்க. நம்ம மாஸ்டர் வீட்டம்மா இவ்வளவு சிரிப்பாங்களான்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சு."

கத்தரிக்கோல் ஒரு நொடி நின்றது. கண்டக்டருக்கு அன்றைக்குக் காதோரம் ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாக அமைந்தது. போதாக்குறைக்கு நெட்டியும் கிடைக்கவில்லை. "அவ்வளவுதான், எழுந்திரு" என்றார் மாஸ்டர்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருந்த பிசியோதெரபி இடத்துக்கு நேரே அந்த மாடிப்படி ஏறினார். அவள் சாயங்காலம்தான் போவாள். அதற்கு முன் எதிராளியைத் தனியாக ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். தான் யார் என்று சொல்லக்கூடாது. நோயாளியாகப் போய் உட்கார்ந்து, அவன் கைவரிசை என்னவென்று பார்த்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். இதுதான் திட்டம்.

மேலே நீளமான ஓர் அறை. கம்பியில் தொங்கிய பச்சைத் திரைகள் அதைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்திருந்தன. சுவரில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் சக்கரம் ஒன்று, ஆணியில் வண்ண வண்ண ரப்பர் பட்டைகள், வெந்நீரில் ஊறிய துணியின் வாசனை. அவன் வந்தான். மாஸ்டர் ஒரு சினிமா கதாநாயகனை எதிர்பார்த்துப் போயிருந்தார். வந்தவன் மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப்பிச்சான். பின்கழுத்தில் யாரோ அவசரத்தில் கோணலாக மழித்து அனுப்பியிருந்தார்கள். மாஸ்டருக்கு அற்ப சந்தோஷம் ஒன்று வந்தது. பிறகு அவன் கையைப் பார்த்தார். நகம் ஒட்ட வெட்டிய, சுத்தமான, நிதானமான விரல்கள். சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"சொல்லுங்க சார், என்ன தொந்தரவு?"

மாஸ்டருக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் மனைவியின் தொந்தரவையே எடுத்து ஒப்பித்தார். தோள்பட்டையிலிருந்து சுரீர், கட்டைவிரல் மரப்பு, ஆள்காட்டி விரல் மரப்பு, பொருள் நழுவுதல். ஒன்று விடவில்லை. தனக்கு இவ்வளவு மனப்பாடமாகத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பையன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். "அந்தக் கையைத் தூக்கித் தலைமேல வச்சா வலி குறையுதா?"

மாஸ்டருக்குத் திக்கென்றது. "ஏன்? குறையுமா?"

"குறையும் சார். அப்படி வைக்கும்போது நரம்பு மேல இழுவை தளர்ந்து போகும். கழுத்துல நரம்பு மாட்டியிருக்கறவங்க நிறைய பேர் தெரியாமலே அப்படித்தான் உக்காந்திருப்பாங்க."

"குறையுது" என்றார் மாஸ்டர். குரல் பாதியாகிவிட்டது. ஏதோ ஓர் இடத்தில் கணக்கு உதைக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் வந்த வேகத்தில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்.

படம் எடுத்துவரச் சொன்ன பையன், அதுவரை லேசாக இழுத்துப் பார்க்கலாம் என்றான். உதவிக்கு இருந்த பெண் அவரைப் படுக்க வைத்து, தாடைக்கடியிலும் பிடரிக்கடியிலுமாகப் பட்டையைப் பூட்டி, தலைமாட்டிலிருந்த இயந்திரத்தில் மாட்டினாள். "பயமா இருந்தா இதை அழுத்துங்க, மிஷின் நின்னுடும்" என்று கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். பட்டை தாடையை மேலே இழுத்து வாயை மூடியது. ஊரார் தாடையை எல்லாம் பிடித்துத் திருப்பியவர், தன் தாடையை ஒரு கயிற்றிடம் கொடுத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார்.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"சாயங்காலம் தைச்ச துணி ஒண்ணு டெலிவரி குடுக்கணும் தம்பி. அதான் இப்பவே வந்துட்டேன்."

"வாங்கக்கா வாங்க. இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு."

பக்கத்துத் திரை விலகியது. கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு துணி. மாஸ்டருக்குக் காது இரண்டும் யானைக்காது ஆகிவிட்டன.

"கை எப்படிக்கா இருக்கு?"

"ஊசி கோத்துட்டேன் தம்பி! நேத்து நானே கோத்தேன்!" என்று சொல்லிச் சிரித்தாள். கண்டக்டர் சொன்ன சிரிப்பு இதுதான். இந்தச் சேதி வீட்டுக்கு வரவில்லை. இவனிடம்தான் முதலில் வந்திருக்கிறது. மாஸ்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்த் திரையைக் கிழிக்கலாம் என்றால் தலை இயந்திரத்தில் இருந்தது.

"சூப்பர்க்கா. தலையைக் குடுங்க. லூசா விட்டுடுங்க. ஆங், அப்படித்தான்." பிறகு அவன் கேட்டான். "அந்த நெட்டி எடுத்த விஷயத்த வீட்டுல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"சொல்லிடுங்கக்கா. இறுகிப்போயிருந்த கழுத்தை வெடுக்குன்னு திருப்பினதுலதான் இவ்வளவும். அன்னைக்கு ராத்திரியே கை இழுத்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? தெரியாம மறுபடியும் எடுத்துடப் போறாரு."

"எடுக்க நான் எங்க விடறேன்? அவரு கை கழுத்துப்பக்கம் வந்தாலே எனக்கு உடம்பு நடுங்குது தம்பி. பாவம், ஆசையாத்தான் வர்றாரு. நான் ஏதோ சாக்குச் சொல்லி ஓடிடறேன். அவரு என்னடான்னா, உங்களோட முடிச்சுப் போட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறாரு."

"என்னோடயா? ஐயோ! அக்கா, அப்போ இன்னைக்கே சொல்லிடுங்க!"

"பயப்படாதீங்க. சந்தேகம்னா நாலு நாள் கத்துவாரு, அப்புறம் தன்னால அடங்கிடும். ஆனா தன் கையாலதான் எனக்கு இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு. கத்தி பிடிக்கிற கை தம்பி அது. நடுங்க ஆரம்பிச்சுதுன்னா கடையை மூட வேண்டியதுதான். அதுக்குப் பதிலா என்னை சந்தேகப்பட்டுட்டே இருக்கட்டும்."

மாஸ்டர் கையில் பொத்தான் இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை. இயந்திரம் இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் நேரே காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கினார். தன் கையைத் தானே பார்த்தார். கீழே வைத்துவிட்டார்.

இயந்திரம் கீச்சென்று நின்றது. உதவிக்காரப் பெண் வந்து பட்டையை அவிழ்த்தாள். "இப்ப எப்படி இருக்கு சார்?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க சார். மயக்கமா இருக்கா? சார்? அண்ணா, இவரு பேச மாட்டேங்கறாரு!"

"தேவலை" என்று முணுமுணுத்தார் மாஸ்டர். அதுவும் அரைக்குரலில்தான்.

பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. "என்னங்க?" என்றது மனைவியின் குரல்.

திரை விலகியது. தாடையில் பட்டை பதிந்த தடத்தோடும் நனைந்த காதோடும் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரை அவள் பார்த்தாள். பையன் இவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அவன் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நான் அக்காவை..." என்று ஏதோ ஆரம்பித்து, எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டான்.

"உங்களுக்கு என்னங்க ஆச்சு? கழுத்தா?" என்று அவள் பதறினாள். அந்த நிலைமையிலும் அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

"எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார். "உனக்குத்தான் ஆச்சு. என்னால."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க" என்றாள்.

"நான் வேற என்னென்னவோ நெனச்சுட்டேன்."

"அதுதான் தெரியுமே."

பையன் தொண்டையைச் செருமினான். "அக்கா, பாதியில விடக்கூடாது. படுங்க. சார், நீங்களும் இருங்க, பரவாயில்ல." பழியிலிருந்து தப்பித்த நிம்மதியில் ஒரு ஸ்டூலை எடுத்து அவருக்குப் போட்டான்.

மாஸ்டர் உட்கார்ந்தார். அவள் படுத்தாள். பையன் தலைமாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் அவள் பிடரிக்கடியில் கொடுத்துத் தலையை ஏந்திக்கொண்டான். திருப்பவும் இல்லை, இழுக்கவும் இல்லை. தாங்கினான், அவ்வளவுதான். கழுத்து என்றால் திருப்ப வேண்டிய ஒன்று என்றே மாஸ்டர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

"லூசா விடுங்கக்கா."

"விட்டுட்டேன்."

"இல்லக்கா, இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. மூச்சை விடுங்க."

அவள் மூச்சை விட்டாள். கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு புடைத்து நின்றது. கண்ணை மூடினாள், திறந்தாள். கண் மாஸ்டர் பக்கமே போயிற்று. முகத்துக்குப் போகவில்லை. அவர் முழங்கால்மேல் வைத்திருந்த கைகளுக்குப் போயிற்று.

"என்னங்க, கோச்சுக்காதீங்க" என்றாள். "கொஞ்சம் வெளிய உக்காந்திருங்களேன். நீங்க பக்கத்துல இருந்தா இது தன்னால இறுகிக்குது. நான் வேணும்னு செய்யல."

அவர் எழுந்தார். கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

படி முடிகிற இடத்தில் ஒரு பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்தார். அந்தப் பையன்மேல் சுமத்த ஒரு குற்றமும் மிச்சமில்லை. அப்படியிருந்தும் பொறாமை மட்டும் போகவில்லை, முன்னைவிடக் கூடியிருந்தது. ஊசி கோத்ததை அவனிடம் முதலில் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவனைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. அதுதான் தாங்கவில்லை. உள்ளேயிருந்து, "ஆங், இப்ப வந்துட்டீங்கக்கா. அப்படியே இருங்க" என்று அவன் சொல்வது கேட்டது. அவள் கழுத்து தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாஸ்டர் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டார்.

படியேறி ஒருவர் வந்தார். கழுத்தில் பட்டை போட்டிருந்தார், தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பெஞ்சில் உட்கார்ந்தார். புது ஆள்.

"இங்க வழக்கமா வர்றவங்களா நீங்க?"

"ம்."

"எனக்கு இதுதான் முதல் தடவை. கழுத்து சமாச்சாரம் பாருங்க, பயமா இருக்கு. எவன் எப்படித் திருப்பி வைப்பானோ! இந்தப் பையன் எப்படி? நம்பிக் கழுத்தைக் குடுக்கலாமா?"

மாஸ்டர் திரையைப் பார்த்தார்.

"தாராளமா குடுங்க" என்றார். "என் சம்சாரமே இவர்கிட்டதான் வர்றா."